நாலுக்கும் ஒரே வரி

எய்யா,

பதினோரு நாளா நீ போனை எடுக்கல. அதனாலதான் பேனாவ எடுத்தேன். சித்தப்பா நாளைக்குத் தாணேக்கு பேக் டெலிவரிக்குப் போறாரு, நீ தங்கியிருக்க ரூம்ல குடுக்கச் சொல்லி அவர் கையில இதக் குடுத்து விடுதேன். தமிழ்லதான் எழுதுதேன். சண்டே ஸ்கூல்ல பாட்டுப் புஸ்தகத்த வச்சுக் கத்துக்கிட்ட தமிழ் உன்னோடது, நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன்னு தெரியும். மெதுவாவே வாசி. வேகமா வாசிச்சா உனக்கு வேணுங்கிறத மட்டும் பொறுக்கிக்கிட்டு மிச்சத்த விட்டுருவ, அந்தப் புத்தி என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துச்சு. ரூம் கூட்டாளிய வச்சு வாசிக்கச் சொல்லாத. நிச்சயத்தன்னைக்கு நடந்ததுக்கு நீ உங்கப்பா மேலயும் சித்தப்பா மேலயும் கோவமா இருக்க. தனி வீடு வேணும்னு நீ சொன்னத நான் அவங்ககிட்ட சொன்னதாகவும், அவங்க ரெண்டு பேரும் சேந்து மறுத்துட்டதாகவும் நெனச்சுக்கிட்டு இருக்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லவே இல்ல.

அந்த நாள நெனச்சுப் பாரு. செம்பூர்ல ஷீபா வீட்டு ஹால்ல ரெண்டு வீட்டு ஆளுங்களும் ஜமக்காளத்தில உக்காந்து, போதகரய்யா ஜெபம் பண்ணி, மோதிரம் மாத்தி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சு கேசரித் தட்டு வந்துருச்சு. அப்பத்தான் ஷீபா அம்மா என் பக்கம் திரும்பி, பிள்ளைங்க எங்க இருக்கப் போறாங்கன்னு கேட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க. அவ தாணே ஆஸ்பத்திரியில நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும், தாய்க்குக் கேக்கணும்னு இருக்குமில்ல. உங்கப்பா வாயத் திறக்க முந்தி நான் சொன்னேன்: "எங்க வீட்ல நாலு பேருக்கும் ஒரே வாக்குதான். தாராவியிலதான் இருப்பாங்க." சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சித்தி தலைய ஆட்டுனா. ஷீபா உன்னப் பாத்தா. நீ என்னப் பாத்த. நான் கேசரியப் பாத்தேன். அத்தன பேரு முன்னால பெத்தவள மறுத்துப் பேச உனக்கு வாய் வரல, அப்படி வராதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சுதான் சொன்னேன். வெளிய செருப்புப் போடும்போது நீ உங்கப்பாகிட்ட, "ஒரு தடவ சொன்னா கேக்கவே மாட்டீங்களாப்பா"ன்னு மட்டும் கேட்டுட்டு ஸ்டேஷனப் பாத்து நடந்துட்ட. அந்த மனுஷன் அன்னைல இருந்து என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காரு, என்னத்தச் சொன்னான், எப்பச் சொன்னான்னு.

நீ எப்பச் சொன்னன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். மழை விட்ட மாசம், சயான் ஸ்டேஷன்ல ஸ்லோ வண்டிக்கு நிக்கோம். எங்க ஆபீஸோட தேவ்நார் லேப கல்யாண் ஊருக்கு மாத்தப் போறாங்கன்னு நான் அங்க இடம் பாக்கக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். நீ தோள்ல டூல்ஸ் பைய மாட்டிக்கிட்டு ஏதோ பில்டிங்ல லிஃப்ட் நின்னு போச்சுன்னு போய்க்கிட்டு இருந்த. என் முகத்தப் பாக்காமதான் சொன்ன. கல்யாணம் முடிஞ்சதும் தாணேல ஒரு சின்ன வீடு எடுத்துக்கிடுதோம், அவ நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கணும், நம்ம ஒத்த ரூம் கோலியில பகல்ல யாரும்மா தூங்க முடியும். அப்பாகிட்டயும் சித்தப்பாகிட்டயும் நீயே பக்குவமாச் சொல்லிருன்ன. நான் சரின்னேன். வண்டி வந்துச்சு, லேடீஸ் பெட்டியில ஏறிட்டேன். நீ அந்தச் சரிய எடுத்துட்டுப் போய் ஷீபாகிட்ட குடுத்துருக்க. நான் அத குர்லா வர்றதுக்கு முந்தியே மறந்துருவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

நம்ம வீட்டப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா நான் நிக்கிற இடத்தில இருந்து நீ பாத்திருக்க மாட்ட. பத்துக்குப் பன்னெண்டு கோலி, மேல ஒரு மாடி, ஏறிப் போக இரும்பு ஏணி. மேல சித்தப்பாவும் சித்தியும், கீழ நாங்க மூணு பேரும். முப்பது வருஷமா நான் பீரோக் கதவத் திறந்து வச்சுக்கிட்டு அதுக்குப் பின்னாலதான் சேலை மாத்துதேன். ராத்திரி சித்தப்பா மேல புரண்டு படுத்தா எனக்கு முழிப்பு வந்துரும். உங்கப்பாகூட ஒரு சண்ட சத்தமாப் போட்டதில்ல, எங்க சண்டையெல்லாம் தர்காப் பக்கம் காய்கறி வாங்கப் போற வழியிலதான். ஒரு வாசல், ஒரு பெல், அதுக்கு ஒரு ஆளு, நான். சபையில இருந்து வந்தாலும், பில்டிங் கமிட்டியில இருந்து வந்தாலும், ஊர்ல இருந்து போன் வந்தாலும் என்கிட்டதான் கேக்காங்க. உங்கப்பா, சித்தப்பா, சித்தி, நீ, நாலு பேருக்கும் நான் ஒருத்தி பதில் சொல்லுவேன். அது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது. அந்த வீட்ல எனக்குன்னு ஒரு மூலை இல்ல. பேச்சு மட்டும் என்னோடதா இருந்துச்சு.

இப்ப என் வேலையப் பத்திச் சொல்லப் போறேன், முகத்தச் சுளிக்காத. சின்ன வயசுல நீ என் ஆபீஸ் பத்திக் கேப்ப, பிறகு கேக்கறத விட்டுட்ட, நானும் சொல்லுறத விட்டுட்டேன். மாட்டுங்கா ஹெட் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பேன்னு மட்டுந்தான் உனக்குத் தெரியும். எங்களுக்கு நாலு ரத்தப் பரிசோதனை லேப் இந்தப் பக்கம் இருந்துச்சு. தாராவிக்கு நாலாம் நம்பர், சயானுக்கு அஞ்சு, செம்பூருக்கு ஆறு, தேவ்நாருக்கு ஏழு. ஒவ்வொரு லேபுக்கும் தனி நெட்வொர்க், 10.20.4, 10.20.5, இப்படி ஏழு வரைக்கும். நாலும் செம்பூர்ல ஒண்ணாச் சேந்து அங்க இருந்துதான் மாட்டுங்காவுக்கு வரும். மாட்டுங்காவுல இருக்க பெரிய ரவுட்டருக்கு எந்த நம்பருக்கு எந்தப் பக்கம் அனுப்பணும்னு ஒரு பட்டியல் உண்டு. நாலு லேபுக்கு நாலு வரி. இப்படியே ஊர் பூரா லேப் பெருகப் பெருகப் பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு, ரவுட்டர் பழசு, திணறும். அப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன். இந்த நாலு நம்பரையும் மிஷினுக்குப் புரியற மாதிரி ஒண்ணும் சைபருமா எழுதிப் பாத்தா, முன்னால இருக்கற இருபத்திரண்டு இடமும் நாலுக்கும் அச்சு அசலா ஒண்ணு. அதுக்குப் பின்னால வர்ற ரெண்டு இடந்தான் நாலு விதமா மாறும். அதனால நாலு வரிய அழிச்சுட்டு, முதல் இருபத்திரண்டு இடம் இப்படி இருந்தா எல்லாம் செம்பூர் பக்கம் அனுப்புன்னு ஒரே வரி எழுதிரலாம். முந்தி ஏ, பி, சின்னு வகுப்புப் பிரிச்சு வச்சிருந்த காலத்தில இது நடக்காது, நெட்வொர்க்க எங்க வெட்டணும்னு வகுப்புதான் சொல்லும். இப்ப வகுப்பு கிடையாது, எத்தன இடம் ஒத்துப் போகணும்னு நாமளே சொல்லிக்கிடலாம். சூப்பர்நெட்டுன்னு சொல்லுவாங்க. எந்த நாலையும் இப்படிச் சேக்க முடியாது. அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் நாலுதானேன்னு ஒரே வரியில கட்டப் பாத்தா, சைபர்ல இருந்து பதினஞ்சு வரைக்கும் எல்லாம் என்கிட்டன்னு சொல்ல வேண்டி வரும், நமக்கில்லாத பன்னெண்டையும் சேத்து. எனக்கு நாலு, அஞ்சு, ஆறு, ஏழு அழகா வந்து அமைஞ்சுச்சு.

மேனேஜர் கூட்டத்தில வச்சுப் பாராட்டுனாரு. அதோட விட்டிருக்கணும். பட்டியல் சுத்தமா இருக்கணும்னு இன்னும் ரெண்டு வேலை பாத்தேன். ஒண்ணு, மாட்டுங்கா வாசல்ல ஒரு வடிகட்டி வச்சேன். எந்த லேபும் தனியா நான் இங்க இருக்கேன்னு அறிவிச்சா அத உள்ள எடுக்காத, சேத்துக் கட்டுன பெரிய வரிய மட்டும் எடுத்துக்கோன்னு. ரெண்டாவது, செம்பூர்ல ஒரு குழி வெட்டுனேன். இது எல்லாரும் செய்யறதுதான். நாலுக்கும் நான் பொறுப்புன்னு செம்பூர் சொல்லிருச்சு, ஆனா அதுல ஒரு லேப் செத்துக் கெடந்தா அதுக்கு வர்ற தகவல எங்க அனுப்புறதுன்னு அதுக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் திருப்பி மாட்டுங்காவுக்குத் தள்ளும், மாட்டுங்கா மறுபடி செம்பூருக்குத் தள்ளும், ரெண்டும் மாறி மாறித் தள்ளிக்கிட்டே கெடக்கும். அதனால, எங்க இருக்குன்னு தெரியாததக் குழியில போட்ருன்னு ஒரு வரி. சத்தம் வராது. அனுப்புனவனுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெரியாது.

நிச்சயம் முடிஞ்ச மறு வாரம், நீ வீட்டுக்கு வராத நாலாவது நாள், கல்யாண் லேபத் திறந்தாங்க. தேவ்நார் மிஷின்களையே அங்க கொண்டு போயிட்டோம். ஏழாம் நம்பர் அந்த மிஷின் எல்லாத்துக்குள்ளயும் பதிஞ்சு கெடக்கறதால நம்பரையும் மாத்தல. கல்யாண்ல இருந்து நேரா மாட்டுங்காவுக்குத் தனி லைன் போட்டாச்சு. காலையில ஏழு மணிக்கே ஆளு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போயாச்சு. ரிசல்ட் மாட்டுங்காவுக்கு வருது. இங்க டாக்டர் பாத்து ஓகே பண்ணி அனுப்புதாரு, அது மட்டும் கல்யாணுக்குப் போய்ச் சேரல. அங்க இருக்க டெக்னீசியன் பொண்ணு போன் மேல போன் போடுதா. நான் அவளத் திட்டுதேன். உங்க பக்கம் கேபிள் சரியில்ல, பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சொன்னதச் செய்ன்னு. என் ஸ்க்ரீன்ல எல்லாம் பச்ச. லைன் பச்ச, செம்பூர் பச்ச, என் ஒரு வரி பச்ச. மத்தியானம் வரைக்கும் ஜனம் லேப் வாசல்ல நிக்குது, ஒரு பிள்ளத்தாச்சி தரையில உக்காந்துட்டாளாம். ஒரு மணிக்கு மேல அந்தப் பொண்ணு அழாத குறையாச் சொன்னா: "மேடம், நாங்க இங்கதான் இருக்கோம்னு இந்தப் பெட்டி காலைல இருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கு. நீங்கதான் எடுத்துக்க மாட்டேங்கிறீங்க."

அவ சொன்னது சரி. கல்யாண் பெட்டி ஏழாம் நம்பர் என்கிட்டன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் மாட்டுங்காவுக்கு அறிவிச்சிருக்கு, என் வடிகட்டி அதத் தூரப் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. மாட்டுங்காவுக்குத் தெரிஞ்சது என் ஒரே வரிதான், ஏழா, செம்பூருக்குப் போன்னு. டாக்டர் அனுப்புன அத்தனையும் செம்பூருக்குப் போயி, அங்க ஏழு இல்லாததால நான் வெட்டுன குழியில விழுந்துருக்கு. யார் தப்பும் இல்ல எய்யா, கேபிள் தப்பில்ல, அந்தப் பொண்ணு தப்பில்ல. இல்லாத ஏழாம் நம்பரையும் சேத்து என்கிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தது நான். சரி பண்ண அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வடிகட்டியில ஒரு வரி, கல்யாணோட ஏழாம் நம்பர மட்டும் உள்ள விடுன்னு. பெரிய வரிய அழிக்கக்கூட வேண்டியதில்ல. ரவுட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெருசா ஒருத்தன் நாலும் என்கிட்டன்னு சொல்லி, சின்னதா ஒருத்தன் இந்த ஏழு மட்டும் என்கிட்டன்னு சொன்னா, ரவுட்டர் சின்னவன் பேச்சத்தான் கேக்கும். யாரு அதிக இடம் ஒத்துப் போறாங்கன்னுதான் பாக்கும், யாரு பெரிய ஆளுன்னு பாக்காது. உடனே ரிசல்ட் போக ஆரம்பிச்சிருச்சு. அந்தப் பொண்ணு தேங்க்ஸ் மேடம்னா. நான் போன வச்சுட்டு அந்த ஏசி ரூம்ல அப்படியே உக்காந்திருந்தேன்.

நீ ஒரு தடவ சொல்லியிருக்க, ஞாபகம் இருக்கா. வடாலாவுல ஒரு பில்டிங்ல ரெண்டு மணி நேரம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஆளுகள வெளிய எடுத்துட்டு வந்து, சோறு தின்னுக்கிட்டே சொன்ன. உள்ள இருக்கவங்க யாரும் முதல்ல கதவத் திறன்னு கேக்க மாட்டாங்கம்மா, நாங்க உள்ள இருக்கறது வெளிய யாருக்காவது தெரியுமான்னுதான் கேப்பாங்க, தெரியும்னு சொல்லிட்டாப் போதும், அப்புறம் எவ்வளவு நேரம்னாலும் இருப்பாங்கன்னு. நீ சயான் ஸ்டேஷன்ல என்கிட்ட அதத்தான் கேட்ட. நான் தெரியும்னு சொல்லிட்டு வெளிய ஒருத்தருக்கும் சொல்லல. மூணு மாசம் நீ உள்ளயே நின்னுருக்க. அத நெனச்சதும் பாத்ரூம்ல போய் முகத்தக் கழுவிட்டு வந்தேன்.

ஏன் சொல்லலன்னு கேப்ப. நானும் பல காரணம் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். பிள்ள இல்லாத சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நீதான் பிள்ள, அவங்க மனசு உடைஞ்சு போகும். சபையில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எல்லாம் சும்மா. உண்மை என்னன்னா எனக்குப் பொறாமை. பெத்த பிள்ள மேல எவளாவது பொறாமைப் படுவாளான்னு நீ கேக்கலாம். நான் பட்டேன். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், நீ வயித்துல இருக்கும்போது, நானும் உங்கப்பாகிட்ட கேட்டேன். தேவ்நார்ல ஒரு ரூம் காலியா இருக்குங்க, நாம தனியாப் போயிருவோமான்னு. ஒரே ஒரு தடவதான் கேட்டேன். தம்பிகிட்ட சொல்லுதேன்னாரு. பிறகு நான் கேக்கல, அவரும் பேச்சு எடுக்கல. ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன், சொல்லியிருப்பாரு, சித்தப்பா வேண்டாம்னிருப்பாருன்னு. அந்தக் கோவத்த மனசுல வச்சுக்கிட்டே அவருக்கும் சோறு போட்டேன், சித்தப்பாவுக்கும் சோறு போட்டேன். அப்புறம் நீ வந்து, நாங்க போறோம்மா, நீ சொல்லிருன்னு ஒரு பேச்சுல சொல்லுத. எனக்குக் கிடைக்காதது இவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு லேசாக் கிடைக்கும்னு தோணிச்சு. நீயும் போயிட்டா அந்தப் பீரோக் கதவுக்குப் பின்னால நான் மட்டும் நிக்கணும்னு தோணிச்சு. கோட்டிக்காரத்தனந்தான். ஆனா அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல.

போன வியாழக்கிழமை ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு செம்பூருக்குப் போனேன். ஷீபாவுக்கு அன்னைக்கு ஆஃப். அவ எனக்கு டீ போட்டுக் குடுத்தா, மரியாதைக்கு ஒரு குறைச்சல் இல்ல, ஆனா முகத்தில சிரிப்பு இல்ல. நீ பொய் சொன்னன்னுதான் அவ நெனச்சுக்கிட்டு இருக்கா, மக்கா. அம்மாகிட்ட சொல்லிட்டேன்னு அவகிட்ட சொன்ன, ஆனா அம்மா அத்தன பேரு முன்னால தாராவின்னு சொல்லுது, நீ வாயத் திறக்கல. அப்ப முதல்லயே சொல்லலன்னுதானே அர்த்தம். வீட்ல ஒரு பேச்சு, என்கிட்ட ஒரு பேச்சுன்னு இப்பவே இருக்கறவர் நாளைக்கு எப்படி இருப்பாருன்னு அவங்க அம்மாகிட்ட கேட்டிருக்கா. கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டாம்னு போதகரய்யாவுக்குச் சொல்லி நிறுத்தி வச்சதும் அவதான். நான் சயான் ஸ்டேஷன்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவன் சொன்னான், நான்தான் முழுங்கிட்டேன், அவன் மேல தப்பில்லன்னேன். அவ கேட்டுக்கிட்டு இருந்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"இத என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி அத்த? அன்னைக்கு யார் முன்னால சொன்னீங்களோ அவங்க முன்னால சொல்ல வேண்டாமா?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. நேத்து வந்த பிள்ள எனக்குச் சொல்லுதான்னு. ஆனா வண்டி ஏறி உக்காந்தப்புறம் யோசிச்சா, எனக்கு முப்பது வருஷமா வராத தைரியம் அவளுக்கு இருக்கு. நீ நல்ல இடத்தில விழுந்திருக்கடே.

நேத்து சாயங்காலம் ஷீபா அம்மாவையும் ஷீபாவோட மாமாவையும் நம்ம வீட்டுக்கு வரச் சொன்னேன். ஷீபா ஷிப்டுக்குப் போயிட்டா. நம்ம கோலியில அத்தன பேரு உக்கார இடமில்ல, சித்தி ஏணியோட கீழ்ப்படியில உக்காந்துக்கிட்டா. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். பிள்ள தாணேல தனியா இருக்கணும்னு மூணு மாசத்துக்கு முந்தியே என்கிட்ட சொல்லிட்டான், உங்ககிட்ட சொல்லச் சொன்னான், நான் சொல்லல, சொல்லாமலே எல்லாருக்கும் சேத்து வாக்குக் குடுத்துட்டேன்னேன். சொல்லி முடிச்சுட்டு டம்ளரெல்லாம் வாங்கி வச்சேன். ஷீபா மாமா தொண்டையச் செருமுனாரு. சித்தப்பா என்ன சொன்னாரு தெரியுமா. "இதுக்கு என்னத்துக்கு மதினி மறைச்சீங்க. தாணே என்ன சீமையா. ட்ரெயின்ல ஏறுனா வந்துட்டுப் போறான்"னாரு. அவ்வளவுதான். நான் மூணு மாசம் பயந்த மனுஷன் அவரு. சித்தி மட்டும் ஏணியில இருந்தபடியே கண்ணத் துடைச்சுக்கிட்டா, அது இருக்கத்தான் செய்யும். ஷீபா அம்மா என் கையப் பிடிச்சுட்டுக் கிளம்புனாங்க.

அவங்க போனப்புறம் உங்கப்பா என்ன வெளிய கூப்பிட்டாரு. காய்கறி வாங்கன்னு பை எடுத்துக்கிட்டு நடந்தோம். தொண்ணூறடி ரோட்ல அந்த நெரிசல்ல, எல்லாரும் இடிச்சுக்கிட்டுப் போறாங்க, அவரு நின்னாரு. என் முகத்தப் பாக்கல. "ஏட்டி, அன்னைக்கு நீ தேவ்நார் ரூம் கேட்டியே. நானும் தம்பிகிட்ட சொல்லல"ன்னாரு.

எனக்குக் கோவம் வரும்னு நெனச்சேன். வரல. முப்பது வருஷமா சித்தப்பா மறுத்துட்டாருன்னு ஒரு மனுஷன மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே இருந்திருக்கேன், அவருக்கு என்னன்னே தெரியாது. நான் கேட்டது எங்கயும் போய்ச் சேரவே இல்ல. உங்கப்பா மெதுவாக் கேட்டாரு, இப்பப் போவமா ஏட்டின்னு. எங்க போக. அந்த ரூம் இருந்த இடத்தில எப்பவோ பெரிய பில்டிங் வந்துருச்சு. சித்திக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியல, இனிமே அவங்க கீழ, நாங்க மேலன்னு ஏற்கனவே பேசியாச்சு. முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டு நான் திரும்பி நடந்தேன். ராத்திரி சோறு வடிக்கும்போதுதான் அழுகை வந்துச்சு, அதையும் சத்தமில்லாமத்தான் அழுதேன், மேல ஆளு இருக்கில்ல.

புத்தி சொல்லுற யோக்கியத எனக்கு இல்ல. ஆனாலும் தாய்க்கு வாய் சும்மா இருக்காதே. கல்யாணமானப்புறம் அவளுக்கும் சேத்து நீ பதில் சொல்லாத. யாராவது கேட்டா, அவகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லு, கேவலம் ஒண்ணும் இல்ல. ஒருத்தருகிட்ட ஒண்ண ஒப்படைச்சா அது போய்ச் சேந்துச்சான்னு திரும்பக் கேளு. நீ என்கிட்ட ஒரு தடவ கேட்டிருந்தாக்கூட, சொல்லிட்டியாம்மான்னு, நான் முழிச்சிருப்பேன், என் முகத்தப் பாத்து நீ கண்டுபிடிச்சிருப்ப. என்ன நம்பி நீ கேக்கல. அதுவும் என் பாவக் கணக்குலதான். அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சித்தப்பாகிட்டயும் பேசு. அவங்க மேல நீ வச்சிருக்க கோவம் விலாசம் தப்பிப் போன கோவம்.

இனி காரியத்துக்கு வாரேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை விட்டா ஓலை வாசிக்க மூணு ஞாயிறு கிடைக்காது, லெந்து வந்துரும், அந்த நாப்பது நாள் தவக்காலத்தில நம்ம சபையில கல்யாணம் கிடையாது. ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னா ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலைய வாசிக்கலாம்னு போதகரய்யா சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காரு. நான் நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னத ஷீபா அம்மா அவகிட்ட சொல்லியிருப்பாங்க. ஆனா அது போதாது, அவ உன் குரல்லதான் கேக்கணும். இந்தக் கடிதத்த வாசிச்சு முடிச்சதும் உனக்குப் பழக்கம் வந்துரும், அம்மா நீ சொல்லிரும்மான்னு எனக்கு ஒரு மெசேஜ் தட்டுவ. தட்டாத. வந்தாலும் நான் திறக்க மாட்டேன். நீ தாணேல இருக்க, அவ தாணே ஆஸ்பத்திரியில இருக்கா, நடந்தே போயிரலாம். கல்யாணம் வேணுமா வேண்டாமா, எங்க இருப்பீங்க, என்ன சொல்லணும்னாலும் நீயே நேர்ல போய் அவகிட்ட சொல்லு. ஓலைய வாசிக்காங்களா இல்லையான்னு எனக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில்ல உக்காந்திருக்கும்போது தெரிஞ்சாப் போதும், மத்தவங்களுக்குத் தெரியற மாதிரி.

அம்மா